கணப்பொழுது தெரிந்த படிவம்

கணினித் திரையில் ஒரு படிவத்தை மறைப்பது சின்ன வேலை. அந்தச் சின்ன வேலை எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தண்ணி காட்டியது என்பதை என்னுடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொன்னதில்லை. சொன்னால் கடைசி வரிசை சிரிக்கும். எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் அன்றைக்குப் பாடம் நடக்காது.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் கணினி வகுப்பு எடுப்பது என் தொழில். வகுப்பு இல்லாத நாட்களில் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் சிறிய தரவுத்தள நிரல்கள் செய்து கொடுப்பேன். பொருட்களின் இருப்பு, அங்கத்தவர் விபரம், இப்படி. வலிகாமத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்த குடும்பத்தில் பிறந்தவள் நான். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது வரைதான். அப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்து, மயிலிட்டிக்கு அப்பால் ஒரு சிறிய இறங்குதுறையின் மீனவர் சங்கச் செயலாளர் ஒரு வேலை கேட்டு வந்தார்.

ஐம்பதைக் கடந்த மனிதர். கதைக்கும்போது விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: மாலையில் எந்தப் போட் கடலுக்குப் போனது, அதில் யார் யார் இருந்தார்கள், காலையில் எந்தப் போட் திரும்பி வந்தது. முன்பொரு தடவை ஒரு போட் திரும்பாமல் போனபோது, அதில் இருந்தவர்கள் யார் என்பதை அறியவே வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டியிருந்ததாம். அப்படி இனி நடக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். நல்ல பிடிவாதம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

நிரலை எழுதினேன். கரையில் மீன் நிறுக்கும்போது அந்தப் போட் 'வந்தது' என்று பதிவாகும். நிறுத்து முடிந்த பிறகும் பதிவாகாமல் இருக்கும் போட்டுகளின் இலக்கமும் ஓட்டியின் பெயரும் ஒரு தனிப் படிவத்தில் சிவப்பில் வரும். கணினியைப் போட்டு நிரலைத் திறந்தவுடன் முதலில் தெரிவது அந்தப் படிவம்தான். அவசரமானது முதலில் தெரியவேண்டும் என்று வகுப்பில் படிப்பித்துப் படிப்பித்து எனக்கு அது பழகிப்போயிருந்தது.

'எதிர்பார்க்கும் நேரம்' என்று ஒரு பத்தியும் வைத்திருந்தேன். செயலாளர் அதைப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டுவதை நிறுத்தினார்.

"உந்த நேரத்தை ஆரிட்டைக் கேட்டு எழுதப் போறீர், தங்கச்சி?"

"போறவையிட்டைத்தான் அண்ணை."

"எப்ப வருவியள் எண்டு கடலுக்குப் போறவனை ஒருத்தரும் கேக்கிறேல்லை. பெண்சாதியும் கேக்கிறேல்லை. கேட்டால் அவன் மறுமொழி சொல்லவும் மாட்டான்."

அங்கே அப்படித்தான் வழக்கம். போகிறவன் 'வாறன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். அதற்குப் பிறகு அவன் கரைக்கு வரும்வரை, எப்போது வருவான், வந்துவிட்டானா என்று வீட்டார் வாய் திறந்து யாரிடமும் கேட்கக்கூடாது. கேட்டால் சுணங்கும் என்பார்கள். அதிலே என்ன நியாயம் என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியையும் கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, எல்லாப் போட்டுக்கும் பொதுவாகக் காலையில் ஒரு நேரத்தை வைத்தேன்.

அடுத்த கிழமையே முறைப்பாடு வந்தது. சங்கக் கந்தோர், அதாவது அலுவலகம், ஒரே அறை. கதவோரம் ஒரு மேசை, மேசையில் கணினி, எதிர்ச் சுவரோரம் ஆட்கள் இருக்க ஒரு நீள வாங்கு. காலையில் ஐஸ் வாங்கச் சங்கத்தின் துண்டுச் சீட்டு எடுக்க வருகிற பெண்கள் அந்த வாங்கில்தான் இருப்பார்கள். திரை அவர்களைப் பார்த்தபடி இருக்கும். மேசையைத் திருப்பலாம் என்றால் கரண்ட் எடுக்கிற இடம் அந்த மூலையில் மட்டும்தான். வயரும் எட்டாத கட்டை. தங்கள் ஆண்களின் பெயரைச் சிவப்பில் எழுதி ஊருக்குக் காட்டுகிறது சங்கம் என்று பெண்கள் குமுறினார்கள். வெறும் வலையோடு வந்து மீன் நிறுக்காமலே வீட்டுக்குப் போனவனுடைய பெயரும் அதில் கிடந்ததால் குமுறலில் நியாயமும் இருந்தது.

"உதை மறைச்சு விடும்," என்றார் செயலாளர்.

மூடிவிட முடியாது. நேரத்தைக் கணக்கெடுத்து, சுணங்கின போட்டைக் கண்டுபிடித்து, செயலாளருக்கு மட்டும் விளங்கும்படி மூலையில் ஒரு சின்னப் புள்ளியை மஞ்சளாக்குகிற வேலை முழுவதும் அந்தப் படிவத்துக்குள்தான் நடந்தது. அது திறந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியக்கூடாது. திறக்கும்போதே 'நீ தெரியாதே' என்று அதற்குள் ஒரு வரி எழுதினேன். மென்பொருள் அந்த வரியை மரியாதையாகக் கேட்டுவிட்டு, பிறகு தன் பாட்டில் படிவத்தைத் திரையில் கொண்டுவந்து வைத்தது. தொடக்கப் படிவம் என்று எதைக் குறித்துக் கொடுக்கிறோமோ, அதைக் காட்டியே தீருவது அதன் குணம். நாம் சொல்வது அதற்கு முன்னால் எடுபடாது. என் வீட்டிலும் அப்படிச் சிலர் இருப்பதால் எனக்கு அது புதிதல்ல.

கடைசியில் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். வந்தது வரட்டும், வந்தவுடனே மறையட்டும் என்று ஒரு நேரக்கணிப்பு வைத்தேன். மறைந்தது. ஆனால் மறைவதற்கு முன்னால் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தது. சங்கத்தின் கணினியோ கிழடு. அந்தக் கணம் அதில் கொஞ்சம் நீண்டே நின்றது. செயலாளர் பரவாயில்லை என்றார். எனக்குத்தான் அது தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்தியது. நான் செய்த வேலையில் அப்படி ஒரு பளிச் இருக்கலாமா?

பிறகு ஒரு நாள் காலை செயலாளர் போனில் கோல் எடுத்தார். கொழும்பிலிருந்து சிலர் சங்கத்தைப் பார்வையிட வருகிறார்கள், இதே நிரலை வேறு துறைகளுக்கும் கொடுக்கலாமா என்று பார்க்கப்போகிறார்கள், அவர்களுக்கு முன்னால் திரை துப்புரவாக இருக்கவேண்டும்.

"சிவப்பாய் ஒண்டும் பளிச்செண்டு வரக்கூடாது, தங்கச்சி. இண்டைக்கெண்டு பாத்து..." என்று இழுத்தவர் மிச்சத்தைச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

ஸ்கூட்டியில் போனேன். சோளகம் உரத்து வீசிக்கொண்டிருந்த காலம். தெற்கிலிருந்து வருகிற காற்று, எங்கள் தோட்டத்தில் வாழையைக் கிழிக்கும் காற்று. வடக்குக் கரையில் அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். எஞ்சின் நின்றுபோன ஒரு போட்டை அந்தக் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்பதையும் செயலாளர் சொல்லித்தான் யோசித்தேன். அவர் கந்தோருக்கு வெளியே நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒரு போட் வரேல்லை. அண்ணனும் தம்பியுமாய் ரெண்டு பேர். எங்கடை போட்டுகள் தேடிப் போயிருக்கு. நேவிக்கும் அறிவிச்சிட்டம்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமோ?"

அவர் உள்ளே தலையால் காட்டினார்.

வாங்கில் ஒரே ஒரு பெண் இருந்தாள். எனக்கு அவளைத் தெரியும். அந்தக் கந்தோருக்கு நான் போகும் நாட்களிலெல்லாம் உரத்த குரலில் என்னை வம்புக்கிழுப்பவள். தோட்டக்காரப் பிள்ளைக்கு மீன் பார்க்கத் தெரியாது என்று சொல்லி ஒருமுறை விளைமீனை ஒரு பையில் போட்டு ஸ்கூட்டியில் கொழுவிவிட்டவள். அவளுடைய கணவன்தான் அந்தப் போட்டின் ஓட்டி. மற்றவன் அவனுடைய தம்பி. அன்றைக்கு அவள் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி சத்தமில்லாமல் இருந்தாள். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினாள்.

"ஐஸ் துண்டுக்கு வந்தனான், பிள்ளை," என்றாள்.

மீனே வராதபோது ஐஸ் எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, செயலாளரும் கேட்கவில்லை. துண்டுப் புத்தகம் மேசையில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். என்ன செய்யவேண்டும் என்று வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். எதை மாற்றினாலும் நிரலை மூடித் திரும்பத் திறந்து பார்த்தால்தான் சரிவந்ததா என்று தெரியும். முதலில், இருந்தபடியே ஒருதரம் திறந்தேன்.

பளிச். ஒரே ஒரு வரி. அவர்களின் போட் இலக்கம், பக்கத்தில் அவள் கணவனின் பெயர், சிவப்பில். மறைந்தது.

நான் எதேச்சையாக நிமிர்ந்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பளிச்சென்று ஏதும் தெரிந்தால் யாரும் பார்ப்பார்கள்தானே என்று நினைத்துக்கொண்டு நேரக்கணிப்பைக் குறைத்து மறுபடி திறந்தேன். மறுபடி அதே வரி, இந்தமுறை கொஞ்சம் குறுகலாக. அவள் வாங்கின் மற்ற நுனியிலிருந்து கிட்டிய நுனிக்கு வந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

மூன்றாம்முறை நான் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன். நிரல் திறக்கத் தொடங்கும்போதே, படிவம் வருவதற்கு முன்னமே, அவளுடைய கண் திரையின் மேல் இடது மூலையில் போய் நின்றது. முதல் பெயர் வரும் இடம் அதுதான். பளிச்சென்றது. பிறகு அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

பாவி, ஒவ்வொருமுறையும் நான் அவளுக்கு அந்தப் பெயரைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கணினியைத் திருப்பப் பார்த்தேன். வயர் இழுபட்டு நின்றது. கட்டை வயரில், மூலையில் ஒரே ஒரு கரண்ட் இடம் வைத்தவனில், கொழும்பிலிருந்து இன்றைக்கென்று பார்த்து வருகிறவர்களில், எல்லாரிலும் எனக்கு எரிச்சல் வந்தது. கெதியாய் இதை முடித்துத் தொலைக்கவேண்டும், இந்த மனுசி இன்னொருதரம் அந்தச் சிவப்பைப் பார்க்கக்கூடாது. அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை.

குறுக்கு வழியைத் தூக்கி எறிந்தேன். தொடக்கப் படிவம் என்ற இடத்திலிருந்து அதை நீக்கினேன். அதற்குப் பதிலாக, நிரல் எழும்பும்போது தானாக ஓடுகிற ஒரு சின்னக் கட்டளை எழுதினேன்: இந்தப் படிவத்தைத் திற, மறைவாகத் திற. பிறக்கும்போதே மறைவாகப் பிறந்தால் தெரிவதற்கு ஒரு கணமும் கிடையாது. இவ்வளவு நாளும் இது ஏன் என் மூளையில் ஏறவில்லை என்று என்னை நானே ஏசிக்கொண்டு நிரலை மூடித் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. சங்கத்தின் முகப்பு, ஒரு போட்டின் படம், மூலையில் சின்ன மஞ்சள் புள்ளி. அவ்வளவுதான். உள்ளே படிவம் திறந்திருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியில் மூச்சும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்த அறையில், அந்த நேரத்தில், எனக்குச் சந்தோசமாக இருந்தது.

வாங்கு கிறீச்சிட்டது. அவள் எழும்பி நின்றிருந்தாள்.

"மாதாவே," என்று நெற்றியிலிருந்து நெஞ்சுக்குக் கை போட்டாள். முகம் முழுவதும் வேறாகியிருந்தது. துவாயை உதறித் திரும்பத் தோளில் போட்டாள். கலைந்த கொண்டையை அவிழ்த்துக் கட்டினாள். "ரா முழுக்கச் சாப்பிட்டிருக்க மாட்டினம். உலை வைக்கவேணும். போயிட்டு வாறன், பிள்ளை."

"ஓம் அக்கா," என்றேன். ஓம் என்றுதான் சொன்னேன். என் கண் இன்னும் அந்தத் துப்புரவான திரையில்தான் இருந்தது.

அவள் வாசல்படியில் இறங்கும்போது எனக்கு உறைத்தது. பெயர் இல்லை. பெயர் இல்லையென்றால் வந்துவிட்டார்கள். செயலாளருக்குக் கோல் வந்து, அவர் எங்கோ இருந்து பதிந்து, அதனால் பெயர் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள்.

"அக்கா, நில்லுங்கோ."

அவள் திரும்பினாள். சிரித்துக்கொண்டு திரும்பினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது? 'வரவில்லை' என்பது அந்தக் கரையில் வீட்டாருக்கு முன்னால் யாரும் வாயால் சொல்லாத சொல். எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தச் சொல் எனக்கு வெளியில் வரவில்லை.

"அக்கா, அது போகேல்லை. நான்தான் மறைச்சனான். உள்ளுக்கை இருக்கு."

"என்னத்தை மறைச்சனி?"

"சிவப்பிலை வாறதை. இனிக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கு. அப்பிடியேதான் இருக்கு."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். என்னை அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் திரும்பி வந்து பழைய இடத்தில் இருந்தாள்.

"உதைப் பாக்கத்தானே நாங்கள் காலமை வாறம்," என்றாள். "ஐஸ் துண்டு மத்தியானமும் எடுக்கலாம். அண்ணை கொம்பியூட்டர் போடேக்கை ஒருக்கால் தெரியும். பாத்தால் ஆரையும் கேக்கத் தேவையில்லை. பேர் இல்லையெண்டால் போய் உலை வைப்பம். இருந்தால் கோயிலுக்குப் போவம்."

"எல்லாருமோ அக்கா?"

"பின்னை? காலமை வெள்ளண இந்த வாங்கு ஏன் நிறையுது எண்டு நினைச்சனி?"

நான் குறை என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்ததை, அவர்கள் எல்லாரும் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முறைப்பாடு சொன்னவர்களும் அவர்கள்தான். நாள் முழுக்கக் கண்முன்னால் நிற்பதைத்தான் அவர்களால் தாங்க முடியாமல் இருந்தது.

"திருப்பி விடு, பிள்ளை."

"இப்ப விட்டால் மறையாமல் நிக்கும் அக்கா. சிவப்பிலை நிக்கும்."

"நிக்கட்டும். காலமை தொடக்கம் கரையிலை ஒருத்தரும் என்ரை முகத்தைப் பாக்கினமில்லை. உது ஒண்டுதான் எனக்கு மறுமொழி சொல்லுது."

படிவத்தை வெளியே எடுத்துவிட்டேன். திரையின் மேல் மூலையில் அந்த ஒற்றை வரி வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தபடி இருந்தாள். நானும் எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தேன்.

செயலாளர் போனும் கையுமாக உள்ளே வந்தார். திரையைக் கண்டதும் அவருக்கு முகம் மாறியது.

"என்ன உது, தங்கச்சி? அவையள் சந்தியடிக்கு வந்திட்டினம்."

"தெரியும் அண்ணை."

"மறைக்கச் சொல்லித்தானே உம்மைக் கூப்பிட்டனான். கெதியாய் எடும்."

"எடுக்கமாட்டன். வேணுமெண்டால் கரண்டை நிப்பாட்டுங்கோ. வயர் உங்கடை கால் மாட்டிலைதான் கிடக்கு."

என் குரல் எனக்கே கூடிப்போய்க் கேட்டது. அவர் வயரைப் பார்த்தார். பிறகு வாங்கைப் பார்த்தார். வழக்கம்போல மேசையில் தட்டத் தூக்கிய விரல் தட்டாமலே இறங்கியது. சுவர் காற்றாடியைப் பெண்ணின் பக்கம் திருப்பிவிட்டு வாசலுக்குப் போனார்.

வந்தவர்கள் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். கையில் கோப்புகள். ஆள் கொழும்புத் தமிழர். அவசரமில்லாமல் எல்லாவற்றையும் பார்த்தார், கடைசியில் திரைக்கு முன்னால் வந்து பேனாவைத் திறந்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. இந்தச் சிவப்பு வரி எதைக் காட்டுது?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். பதிவு நிலை, நேர வரம்பு என்று என்னிடம் ஒரு விளக்கம் தயாராகத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"என்ரை மனுசன்," என்றாள் அவள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். விளங்கவில்லை. திரையைப் பார்த்தார். பிறகு கந்தோரில் இருந்த எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கூட வந்தவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். இருவரும் கதிரையை இழுத்து இருந்தார்கள். செயலாளர் வாங்கி வைத்திருந்த சோடாவை யாரும் உடைக்கவில்லை.

காத்திருந்தோம். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. படிவம் இடைக்கிடை தன்னைத் தானே புதுப்பிக்கும்போது திரை இலேசாக மினுங்கும். மினுங்கும் போதெல்லாம் அவள் வாங்கிலிருந்து பாதி எழும்புவாள். வரி அங்கேயே இருக்கும். அவள் மறுபடி இருப்பாள். அந்த மினுங்கலை நிறுத்தச் சொல்லிக் கேட்பாளோ என்று பார்த்தேன். கேட்கவில்லை. அவளுடைய கை எப்போது என் கையைப் பிடித்தது என்று எனக்கு ஞாபகமில்லை. விரல்கள் ஐஸாய்க் கிடந்தன. என் சாமிகளையும் அவளுடைய மாதாவையும் ஒன்றாகக் கும்பிட்டேன்.

செயலாளரின் போன் அடித்தது. அவர் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். ஓம், ஓம், ஓம் என்றார். அந்த ஓமில் நல்லதா கெட்டதா என்று ஒரு இழவும் தெரியவில்லை. பிறகு திரும்பி, பக்கத்தில் இருந்த கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"ரெண்டு பேரும் இருக்கினம். வலை சுத்தி எஞ்சின் நிண்டு போச்சாம். காத்து இழுத்துக்கொண்டு போயிருக்கு. எங்கடை போட் ஒண்டு கட்டி இழுத்துக்கொண்டு வருகுது."

கொழும்புக்காரர் முகத்தைக் கையால் துடைத்தார். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் அசையவில்லை. அவளுடைய கண் திரையிலேயே இருந்தது.

"இன்னும் கிடக்குது, பிள்ளை."

"ஆரும் வந்ததெண்டு போட்டால்தான் போகும் அக்கா."

"மீன் நிறுத்த பிறகுதானே போடுறது," என்று செயலாளர் பழக்கத்தில் சொல்லிவிட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில், "போடும், போடும்," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நான் போடவில்லை. அவளை மேசைக்குக் கூட்டிப் போய் என் கதிரையில் இருத்தி, மவுசை அவளுடைய கைக்குள் வைத்தேன். முன்பின் பிடித்ததில்லை. அம்புக்குறி திரையெல்லாம் ஓடித் திரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து இழுத்து அந்த வரியில் நிறுத்தினாள். 'வந்தது' என்ற இடத்தைக் காட்டினேன். அழுத்தினாள். வரி போனது. காட்ட ஒன்றும் மிச்சமில்லாததால் படிவமும் தானாக மறைந்தது. முகப்பில் அந்தப் போட்டின் படம் மட்டும் நின்றது.

அப்போதுதான் அவள் அழுதாள். துவாயை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நான் எதற்கும் இலகுவில் அழுகிறவள் இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

கொழும்புக்காரர்கள் போய், செயலாளரும் கரைக்குப் போன பிறகு, நான் மறுபடி நிரலின் உள்ளே இறங்கினேன். காலையில் எழுதிய கட்டளையை அழித்தேன். நான் அந்தச் சங்கத்துக்குச் செய்த வேலைகளில் மிகவும் சுத்தமானது அதுதான். அழிக்கும்போது கொஞ்சம் வலித்தது. படிவத்தைத் தொடக்க இடத்தில் பழையபடி வைத்து, தூக்கி எறிந்த நேரக்கணிப்பையும் திரும்பச் சேர்த்தேன். மறைய எவ்வளவு நேரம் என்று கேட்டு ஒரு வெற்றிடம் நின்றது.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். குரல் பழையபடி உரத்துவிட்டது. வரட்டும் அவர், வலை சுத்துமட்டும் என்ன பாத்துக்கொண்டு நிண்டவர் எண்டு கேக்கிறன் என்று ஏசினாள். பிறகு நான் செய்வதைக் கண்டு குரலை இறக்கினாள்.

"நாளைக்குக் காலமை உது வருமோ, பிள்ளை?"

"வரும். எவ்வளவு நேரம் நிக்க விடட்டும் அக்கா? கூட்டி விடலாம். வடிவாய்ப் பாக்கலாம்."

அவள் திரையைப் பார்த்தாள், வாங்கைப் பார்த்தாள்.

"வேண்டாம். முந்தி நிண்டமாதிரி, ஒரு கணம் போதும். கூட நேரம் நிண்டால் பாக்கேலாது."

கரைக்குப் போக இறங்கிவிட்டாள். நான் பழைய இலக்கத்தையே திரும்ப எழுதினேன்.